வள்ளியாத்தாள் தூக்கிய மூட்டை

கொல்லங்கோட்டில் அந்த நாளில் புண்ணாக்கு வியாபாரம் செய்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் மூட்டையைப் பிரித்துக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்துத்தான் சரக்கு எப்படி என்று சொல்வார்கள். ஏழாவது ஆள் வள்ளியாத்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே காற்றை ஒரு இழுப்பு இழுத்து, "இது மழையில நனஞ்சு காஞ்ச கடலக்காயில ஆட்டுனது. மாடு திங்கும், பாலு தராது" என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். பொள்ளாச்சித் தரகர் ஒருத்தர் அவளைச் சோதித்துப் பார்க்க நினைத்து, நாலு ஆலைப் புண்ணாக்கை நாலு இலையில் வைத்து, தன் துண்டால் அவள் கண்ணைக் கட்டினார். நாலையும் ஆலை பெயரோடு சொன்னாள். கேட்காமலே ஐந்தாவதையும் சொன்னாள்: "இந்தத் துண்டு தொவைச்சு எட்டு நாளாச்சுங்க."

இந்த மூக்கு பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல. பள்ளிக்கூடத்துக்கு அவள் போனது மொத்தம் ஒன்றரை வருஷம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. தன் பெயரை எழுதுவாள், பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான். கோவிந்தாபுரத்துப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். பதினாறு வயதில் வண்டிக்கார அப்புசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்தக் குடும்பத்தின் சொத்து ஒரே ஒரு சாட்டைக் குச்சி. வண்டியும் மாடும் ஊரான் வீட்டுடையவை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு கூடையை இரவல் வாங்கி, செக்கடியில் புண்ணாக்கு வாங்கிப் போட்டுத் தலையில் வைத்தாள். கூடை கைவண்டியானது. கைவண்டி இரட்டை மாட்டு வண்டியானது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. தூக்கியதெல்லாம் அவள்தான், அதுவும் தலையில். பட்டம் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் அரிசிக் கடையில் கடன் சொல்லி நின்ற காலத்தில், இவள் ஓட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினாள்.

அப்புசாமி நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார். "உங்களுக்கு இப்ப சொந்த வண்டியாமே?" என்று யாராவது கேட்டால், "வண்டி அவளுது, மாடு அவளுது. நான் கூலியில்லாத வண்டிக்காரன். சோறு மட்டும் உண்டு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற பெருமையைப் பார்க்கவேண்டும்.

சுதந்திரம் வந்த வருஷம் ஊரில் ஸ்ரீ செல்லாண்டி ஆயில் மில்ஸ் லிமிடெட் என்று ஒரு கடலையெண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தது. பங்கு பத்து ரூபாய். நிலக்காரர்கள், மளிகைக்காரர்கள் எல்லாரும் வாங்கினார்கள். வள்ளியாத்தாளும் மூன்று வருஷம் சிறுகச் சிறுகக் கட்டி ஐம்பது பங்கு வாங்கினாள். ஐந்நூறு ரூபாய்! அன்றைக்கு அது ஒரு காணி நிலத்தின் பாதி விலை. புண்ணாக்குக்காரிக்குப் பங்கு எதற்கு என்று சிரித்தார்கள். அவள் அந்தத் தாள்களை வேட்டித் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்கு மேலே உறியில் வைத்தாள். எலி ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். வருஷா வருஷம் பங்குக்கு ஒரு ரூபாய் வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

கம்பெனியை நடத்தியவர் சின்னையன். மேனேஜிங் ஏஜெண்டு என்று பெயர். ஊரில் முதலாளி என்றால் அவர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கோயிலுக்குக் கொடுப்பார், சாவுக்கு வருவார், தங்கப் பல் தெரியச் சிரிப்பார். ஆனால் தன்னைவிடப் புத்திசாலி இந்த எல்லைக்குள் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்தவனுக்கு வேறு எதிரி வேண்டாம்.

ஆலையின் புண்ணாக்கு முழுவதும் வள்ளியாத்தாளுக்குத்தான். வேறு யாருக்கும் ஒரு மூட்டை போகாது. ரொக்கம் வைத்து எடுப்பவள் அவள் ஒருத்தி என்பதால் அப்படிப் பேச்சு. எடுக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பானையில் போடுவாள். ஆலை வருஷக் கணக்கை முடிக்கிற மார்ச் கடைசியில் பானையைக் கவிழ்த்து எண்ணுவாள். ஆலைக் கணக்கும் அவள் பானையும் ஒரு கொட்டை பிசகியதில்லை. நூறு மூட்டைப் பருப்பு உள்ளே போனால் நாற்பது மூட்டை எடைக்கு எண்ணெய், ஐம்பத்தெட்டு மூட்டை புண்ணாக்கு, மீதி இரண்டு காற்றுக்கும் எலிக்கும். இது அவளுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் அவளுடைய வலத்து மாட்டைப் பாம்பு தீண்டிவிட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரட்டை மாட்டு வண்டியை என்ன செய்வது? வாடகை மாடு பிடித்தாள். நாளுக்கு ஒன்றரை ரூபாய். வருகிற லாபம் வாடகை மாட்டின் வாயிலேயே போயிற்று. புது மாடு வாங்க நூற்றைம்பது ரூபாய் வேண்டும். கையில் இருந்தது பஸ் சார்ஜுக்குத்தான் போதும். வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும். வியாபாரம் நின்றால் மறுபடி கூடை. நாற்பது வயதில் கூடையா?

"டிவிடெண்டு வந்துட்டா அம்பது ரூவா ஆச்சு. மிச்சத்தைப் பொரட்டிக்கலாம்" என்று அவள் கணக்குப் போட்டிருந்த சமயம் கம்பெனிக் கடிதம் வந்தது. தபால்காரர் வாசித்துக் காட்டினார். இந்த வருஷம் லாபம் இல்லை. டிவிடெண்டு இல்லை. ஆவணி கடைசியில் ஆலையில் பொதுக்கூட்டம். பங்குதாரர் அனைவரும் வருக.

கடிதத்தை மடித்து வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தரகு கந்தப்பன். மாடு, நிலம், மாப்பிள்ளை எதற்கும் தரகு பேசுவான். இப்போது கக்கத்தில் ஒரு தோல் பை.

"ஏனுங்க ஆத்தா, சௌக்கியமா? மாடு போயிருச்சாமே? கேட்டதும் எனக்குச் சோறு எறங்கல."

"எறங்காமயா வயிறு அப்பிடி இருக்குது? உக்காருங்க. என்ன சமாச்சாரம்?"

"உங்க ஓஹரியெல்லாம், அதானுங்க கம்பெனிப் பங்கெல்லாம், ஒருத்தர் வாங்கிக்கறேங்கறாருங்க. பங்கு நாலு ரூவா. அம்பதுக்கு எரநூறு. நாளைக்கே மாடு புடிச்சுப்போடலாம்."

"பத்து ரூவாப் பங்கு நாலு ரூவாயா?"

"நட்டத்துல போற கம்பெனிங்க. அடுத்த வருசம் நாலணாவுக்கும் ஆள் இருக்காது. இருவத்திரண்டு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க பொழப்பைப் பாத்து மனசு கேக்காம வந்தேன்."

"வாங்கறது ஆரு?"

"கோயமுத்தூர்ப் பார்ட்டிங்க" என்றான் கந்தப்பன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

வள்ளியாத்தாள் உறியைப் பார்த்தாள். பிறகு வாசலில் ஒற்றையாக நின்று அசைபோடுகிற இடத்து மாட்டைப் பார்த்தாள். இருநூறு ரூபாய். மாடு வாங்கி, ஐம்பது மிச்சமும் இருக்கும். ஆனால் மூன்று வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது பாதிக்கும் கீழே போகும். சரி என்று சொல்ல வாய் வந்தது.

"மீட்டிங்கு முடியட்டுமுங்க. பத்து வருசமா ஓஹரிக்காரி, ஒருக்காக்கூட மீட்டிங்குப் பாத்ததில்ல. பாத்துட்டு அங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன். காப்பி, மைசூர்பாக்கு எல்லாம் உண்டாமல்ல?"

"உண்டுங்க, உண்டுங்க" என்று கந்தப்பன் பையைத் தட்டிக்கொண்டே போனான்.

கூட்டத்தன்று புருஷனும் பெண்சாதியும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு நடந்தார்கள். ஆலை முற்றத்து வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தது. பத்து மணிக்கு மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. ஆவணி மழைதானே, பந்தலுக்கு மரியாதை கொடுக்குமா? நாற்பது பங்குதாரர்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோடௌனுக்குள் ஓடினார்கள். நாற்காலியெல்லாம் நனைந்துவிட்டது. முதலாளி இன்னும் வரவில்லை. பெரிய மனுஷர்களை நிற்க வைப்பதா என்று ஆலை மேஸ்திரிக்குப் பதைப்பு. கோடௌன் ஓரமாய் அடுக்கியிருந்த மூட்டைகளை ஆட்களை விட்டு இழுத்துப் போடச் சொல்லி, "உக்காருங்க சாமி, உக்காருங்க" என்று எல்லாரையும் உட்கார வைத்தார். பாவம், விருந்தோம்பல் தெரிந்த மனுஷர். அந்த வருஷத்துக்கே அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

வள்ளியாத்தாளும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள். 'நறநற' என்று ஒரு சத்தம். மூட்டை ஒரு சாண் உள்ளே போயிற்று.

அவள் நெளிந்தாள். மறுபடி நறநற.

"என்ன புள்ள, எறும்பா?" என்றார் அப்புசாமி.

"எறும்பில்லீங்க. சித்த சும்மா இருங்க."

இருபத்து நாலு வருஷம் புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து பழகிய உடம்பு அது. புண்ணாக்கு மூட்டை என்றால் பாறை. உட்கார்ந்தால் மூட்டை அமுங்காது, நாம்தான் அமுங்கவேண்டும். காற்றை இழுத்துப் பார்த்தாள். புண்ணாக்கு வாசனை இல்லை. அதற்குப் பதிலாக, எங்கிருந்தோ நல்ல புது எண்ணெய் வாசனை கும்மென்று வந்தது. அவள் மூக்கு இரண்டு தரம் துடித்தது.

அப்போது சின்னையன் முதலாளியின் கார் வந்தது. சிரித்துக்கொண்டே இறங்கி, கோடௌன் வாசலுக்கு வந்து, உள்ளே பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்பது பேரும் மூட்டைகளின்மேல் சௌகரியமாகச் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் குனிந்து கும்பிட்டார். எழுந்திருங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"பெரியோர்களே, இந்த வருசம் காய் மோசமுங்க. நூத்துக்கு முப்பத்தாறுதான் எண்ணெய் உட்டுது. மிச்சமெல்லாம் புண்ணாக்காப் போச்சு. புண்ணாக்குக்கு என்ன வெலை வரும்? அதனாலதான் லாபமில்ல. என்ற கையிலயா இருக்குது, பகவான் விட்ட வழி."

காய் மோசமா? வள்ளியாத்தாள் அந்த வருஷம் விற்ற புண்ணாக்கை நினைத்துப் பார்த்தாள். அவ்வளவு மணமான சரக்கு நாலு வருஷமாக வந்ததில்லை. இருக்கட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

கணக்கை வாசிக்க எழுந்தவர் சுந்தரேசன். கல்பாத்திக்காரர். பாலக்காட்டு ஆடிட்டர் ஆபீசில் குமாஸ்தா. சுத்தமான மனுஷர், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார்.

"அரைச்ச பருப்பு ஐயாயிரம் மூட்டை. வந்த எண்ணெய் ஆயிரத்து எண்ணூறு மூட்டை எடை. புண்ணாக்கு மூவாயிரத்து நூறு மூட்டை. அதிலே வித்தது ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்..."

சரி, பானையில் இருந்த கொட்டையும் அவ்வளவுதான் என்று வள்ளியாத்தாள் தலையாட்டினாள்.

"...மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்குக் கையிருப்பு இருநூறு மூட்டை."

தலை ஆட்டம் நின்றது. வள்ளியாத்தாள் எழுந்தாள். கூட்டத்தில் இருந்த ஒரே பெண்பிள்ளை அவள்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. அந்த எரநூறு மூட்டையும் எங்க இருக்குது?"

"இதோ இந்தக் கோடௌன்லதான். அன்னிக்குச் சாயங்காலம் நானே நின்னு எண்ணினேனாக்கும்."

"எண்ணுனீங்க. தொட்டுப் பாத்தீங்களா?"

"எண்றதுக்கு எதுக்கும்மா தொடணும்?" என்றார் சுந்தரேசன். நாலு பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"அதே முப்பத்தொண்ணாந் தேதி காத்தால, பத்து மூட்டை வேணுமுன்னு நான் வந்து நின்னேனுங்க. ஒரு மூட்டைகூட இல்லைன்னு மேஸ்திரி தாட்டி உட்டாரு. காத்தால இல்லாத மூட்டை சாயங்காலம் எரநூறு ஆச்சுங்களா? குட்டி போட்டுதா?"

"ஏம்மா, இது கணக்கு விசயம். உனக்குப் புரியாது. உக்காரு" என்றார் முதலாளி.

"உக்காந்ததுனாலதானுங்க புரிஞ்சுது!"

சொல்லிவிட்டு வள்ளியாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். தான் உட்கார்ந்திருந்த மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தாள். ஒரு எம்பு. மூட்டை அவள் தலைக்கு மேலே நின்றது. அதுவும் ஒரு கையில். இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

புண்ணாக்கு மூட்டை ஒன்று நூற்றைம்பது ராத்தல். அதைத் தூக்க இரண்டு தடித்த ஆள் வேண்டும், மூன்றாவது ஆள் 'ஐலசா' சொல்ல வேண்டும்.

"பாத்து புள்ள, இடுப்பு!" என்று கத்தினார் அப்புசாமி. அவருக்கும் அந்த நிமிஷத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

"இடுப்புக்கு ஒண்ணுமில்லீங்க. சாமி, இது எத்தனை ராத்தலுன்னு எழுதியிருக்கறீங்க?"

"நூத்தி... நூத்தம்பது" என்றார் சுந்தரேசன். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"அப்பிடீன்னா நான் பயில்வானுங்க! ஊட்டுக்காரரே, இனி எங்கூடச் சண்டைக்கு வராதீங்க!"

அவ்வளவுதான். முன் வரிசையில் இருந்த எழுபது வயது மளிகைக்காரர் எழுந்து தன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. வெற்றிலை வாயைத் திறந்து, "நானும் பயில்வானுங்க!" என்றார். பிறகு யாரைச் சொல்வது, யாரை விடுவது? நாற்பது பேரும் ஆளுக்கொரு மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். கம்பெனிகள் எத்தனையோ பொதுக்கூட்டம் நடத்தியிருக்கும். பங்குதாரர் அத்தனை பேரும் ஆஸ்தியைத் தலையில் தூக்கிய கூட்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு மூட்டையின் தையல் விட்டது. உள்ளேயிருந்து பாய்லரில் எரிக்கிற கடலைத்தொலி பொலபொலவென்று கொட்டி, முதலாளியின் பட்டுக்கரை வேட்டிமேல் விழுந்தது.

வள்ளியாத்தாள் மூட்டையைப் போட்டுவிட்டு மூக்கு காட்டிய வழியில் நடந்தாள். மூட்டைகளை இழுத்த இடத்தில் பின்பக்கம் சந்து விட்டிருந்தது. அதற்குப் பின்னால் பளபளவென்று கூரை வரைக்கும் எண்ணெய் டின். மேஸ்திரியையே எண்ண வைத்தார்கள். எண்ணூற்று முப்பத்து மூன்று. டின் இருபது ரூபாய் விலை போன காலம்.

சின்னையன் முதலாளி வேட்டியில் இருந்த தொலியைத் தட்டினார். பிறகு, அவரை மெச்சத்தான் வேண்டும், சிரித்தார்.

"சரி. ஒளிச்சு வெச்சேன். ஆருக்காக? உங்களுக்காக! லாபம்னு காட்டுனா ரூவாய்க்குப் பாதி வரி ஆபீசுக்குப் போகுது. உங்க வேர்வை டில்லிக்குப் போகோணுமா? எண்ணெயைப் புண்ணாக்குன்னு எழுதி வெச்சா லாபமும் இல்ல, வரியும் இல்ல. எண்ணெய் எங்க போயிரும்? இங்கதான இருக்குது?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அதுவும் சரிதானே என்று நாலைந்து தலை ஆடியது. வரி கொடுக்காமல் இருக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மளிகைக்காரர் மூட்டையை மெல்ல இறக்கி அதன்மேல் மறுபடி உட்கார்ந்தார். முதலாளியின் தங்கப் பல் மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது.

வள்ளியாத்தாள் கந்தப்பனைத் தேடினாள். அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க முதலாளி, எங்களுக்காகத்தான் ஒளிச்சு வெச்சீங்க. நெம்ப சந்தோசமுங்க. அப்பறம் எதுக்கு எங்க பங்கை நாலு ரூவாய்க்குக் கேட்டு ஆளு உட்டீங்க?"

"நானா? அது கோயமுத்தூர்ப் பார்ட்டி..."

"கந்தப்பண்ணா, பையைத் தொறங்க. வாங்கறவரு பேரை ஆராவது படிங்க."

கந்தப்பன் ஓடியிருப்பான். அப்புசாமி குறுக்கே நின்றார். ஆயுசிலேயே அவர் ஒருத்தர் வழியை மறித்தது அன்றைக்குத்தான். சுந்தரேசன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். வாங்குகிறவர் பெயர் முதலாளியின் சொந்த மைத்துனருடையது. இருபத்திரண்டு தாளிலும் அதே பெயர்.

"இப்பத் தெரிஞ்சுதுங்களா?" என்றாள் வள்ளியாத்தாள் கூட்டத்தைப் பார்த்து. "மாட்டுத் தரகன் பண்றதுதானுங்க இது. வாங்கறப்ப மாட்டைப் பட்டினி போட்டு எலும்பை எடுத்துக் காட்டோணும். விக்கறப்ப உப்புத்தண்ணி காட்டி வயித்தை ஊத வெக்கோணும். இந்த வருசம் வரி ஆபீசருக்கும் எலும்பு, நமக்கும் எலும்பு. நாம எலும்புன்னு நெனச்சு நாலு ரூவாய்க்குக் குடுத்துருவம். அடுத்த வருசம் இந்த டின்னெல்லாம் கணக்குல வந்துரும். மாடு கொழுத்துரும். இருவது ரூவாய்ன்னு வெலை சொல்லுவாரு. வரியை ஏமாத்தறவன் நமக்காக ஏமாத்தறான்னு நெனைக்காதீங்க. அவன் காட்டற கணக்கு ஒண்ணுதான். அதுல வரி ஆபீசரு கண்ணும் குருடு, நம்ம கண்ணும் குருடு."

இதற்குமேல் ஒரு வக்கீல் சொல்ல என்ன இருக்கிறது? மளிகைக்காரர் எழுந்து போய்த் தன் தாளைப் பிடுங்கி நாலாய்க் கிழித்தார். மற்றவர்கள் பையைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்யாணப் பந்தியில் கடைசி ஜாங்கிரிக்குக்கூட அப்படி ஒரு நெரிசல் இருக்காது.

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதலாளி, கோவிச்சுக்கப்படாது. இந்தக் கணக்கு செல்லாது. ஆடிட்டர் கிட்டே நானே போய்ச் சொல்றேன். தப்பு எம்பேர்லயும் உண்டு. மறுபடி எண்ணி, மறுபடி எழுதணும். ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டம் போடுங்கோ." பிறகு வள்ளியாத்தாள் பக்கம் திரும்பினார். "அம்மா, எண்ண வரச்சே நீங்களும் வரணும். தூக்கிப் பார்க்க."

"வாரேனுங்க. கூலி தருவீங்களா?"

"காப்பி தருவோம்."

"மைசூர்பாக்கும்" என்றார் அப்புசாமி.

சின்னையன் ஒரு வாரம் வீட்டை விட்டு வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். வேறு வழியில்லை, சாட்சி நாற்பது பேர், அத்தனை பேரும் மூட்டை தூக்கினவர்கள். டின் எல்லாம் கணக்கில் ஏறியது. சர்க்காருக்குச் சேரவேண்டிய பாதி போயிற்று. மீதியில் பங்குக்கு இரண்டு ரூபாய் டிவிடெண்டு. செல்லாண்டி மில் அதுவரை கொடுக்காத டிவிடெண்டு. வள்ளியாத்தாளுக்கு நூறு ரூபாய் நோட்டாக வந்தது. ஐம்பது பங்கும் உறியிலேயே இருந்தது.

ஆனால் மாட்டு விலை நூற்றைம்பது. நூறு ரூபாய்தான் கையில்.

சனிக்கிழமை இருவரும் குழல்மன்னம் மாட்டுச் சந்தைக்குப் போனார்கள். மயிலைக் காளை ஒன்று, நல்ல கால், நல்ல கொம்பு. வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. தரகன் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து நூற்றைம்பது என்றான். வள்ளியாத்தாள் மாட்டின் விலாவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். உள்ளே களகளவென்றது. அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல மாடுதானுங்க. ஆனா வெலை இப்ப வேண்டாம். இங்க நெழல்ல உக்காந்துக்கறோம். ரெண்டு மணி நேரம் ஆகட்டும். அது ஒண்ணுக்குப் போகட்டும். பொறவு பேசலாம்."

"அதுக்கு எதுக்கு ஆத்தா காத்துக் கெடக்கறது?"

"அவசரமில்லீங்க. கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறோம்."

புளிச்சோற்றை இலையில் வைத்து ஆற அமரத் தின்றார்கள். காளை மூன்று தடவை போயிற்று. ஒவ்வொரு தடவையும் அப்புசாமி தரகனைப் பார்த்து, "பத்து ரூவா போச்சுங்க" என்றார். வெயில் சாய்கிறபோது வயிறு ஒட்டி, மாடு தன் நிஜ உருவத்துக்கு வந்து நின்றது. இன்னும் நல்ல மாடுதான், விலைதான் வேறு. தரகன் தலையில் கை வைத்துக்கொண்டு நூறு என்றான். அவள் தொண்ணூற்றெட்டு என்றாள்.

"ரெண்டு ரூவாய்க்கா மல்லுக்கட்டறே?"

"திரும்பிப் போறப்ப இவருக்குக் காப்பி வாங்கித் தரோணுமுங்க. சும்மாவா, கம்பெனி மீட்டிங்குல வழியை மறிச்சவரு."

தரகன் சிரித்துவிட்டான். சிரித்தவன் தோற்றவன்தானே, கயிறு கைமாறியது.

கொல்லங்கோட்டுச் சாலையில் நடுராத்திரிக்குள் வந்துவிடலாம் என்று மாட்டை நடத்திக்கொண்டு வந்தார்கள். அப்புசாமி முன்னால் கயிற்றைப் பிடித்துப் போனார்.

"இதுக்கு என்ன பேர் வெக்கறது புள்ள?"

"கம்பெனின்னு வையுங்க. டிவிடெண்டுல வந்ததுதான?"

அந்த மாடு பதினொரு வருஷம் வண்டி இழுத்தது. "ஹை, கம்பெனி!" என்று அப்புசாமி அதட்டுகிற சத்தம் ஆலை வாசல் தாண்டும்போதெல்லாம் சின்னையன் முதலாளிக்குக் கேட்கும். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மட்டும் அவரே வாசலுக்கு வந்து நிற்பார். வள்ளியாத்தாள் உள்ளே போய் ஒவ்வொரு மூட்டையின் காதையும் பிடித்து இழுத்துப் பார்த்து, தூக்க முடியவில்லை என்றால், "சரியா இருக்குது, எழுதிக்குங்க சாமி" என்று சுந்தரேசனிடம் சொல்லிவிட்டு வருவாள்.